வெயில் ஊருக்கு கெட்டி ஆயில்தான் நல்லதா? உங்க கார் மேனுவல் சொல்வது என்ன?

‘நம்ம ஊர் வெயிலுக்கு கெட்டியான ஆயில்தான் தாங்கும்’. ஆயில் மாத்தப் போனால் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. பழைய கார்களுக்கு ஓகே. ஆனால், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு விற்கப்படும் பல பெட்ரோல் கார்களுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற லேசான ஆயில்தான் பரிந்துரை.

எண்கள் சொல்வது என்ன?

முதல் எண், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பது; குறைவாக இருந்தால் ஸ்டார்ட் செய்ததும் சீக்கிரம் பரவும். இரண்டாவது எண், 100 டிகிரியில் அதன் கெட்டித்தன்மை. வெளியே 40 டிகிரி அடித்தாலும், கணக்கு இன்ஜின் சூட்டுக்குத்தான்.

டர்போ காரா?

ஏபிஐ எஸ்பி தரம் இருக்கிறதா என டப்பாவில் பாருங்கள். எரிபொருள் நேரத்துக்கு முன்பே பற்றி பிஸ்டனைப் பதம் பார்க்கும் சிக்கலைத் தடுக்கும் சோதனையும் அதில் உண்டு.

தேவையைவிடக் கெட்டியான ஆயில் மைலேஜைக் குறைக்கும். மேனுவலில் உள்ள கிரேடைக் கேட்டு வாங்குங்கள். வாரன்ட்டி முடியும்வரை பில் பத்திரம்!