தீர விசாரித்தோமா?



சென்ற மாதம் ஒரு காலைப் பொழுதில், கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை செல்லும் மின்சார ரயிலின் மகளிர் பெட்டியில் பயணம் செய்தேன். பொன்னேரியைத் தாண்டும்போது இளம்பெண் ஒருத்தி தன் கைப்பேசியில் ஓடிய காணொளியை அருகில் இருந்தவர்களுக்குக் காட்டினாள். இங்கிலாந்தில் பச்சிளங் குழந்தைகளைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்ட ஒரு நர்ஸைப் பற்றிய காணொளி அது. நொடிப்பொழுதில் அந்தப் பெட்டியே நீதிமன்றமாகிவிட்டது. "இவளையெல்லாம் நடுத்தெருவில் நிறுத்தித் தூக்கில் போட வேண்டும்" என்றார் ஒரு பெரியம்மா. "முகத்தைப் பாருங்கள், பால் வடிகிறது. இவளா செய்திருப்பாள்?" என்றாள் கல்லூரி மாணவி ஒருத்தி. இருவருமே அந்த வழக்கை மூன்று நிமிடக் காணொளிக்கு மேல் அறிந்தவர்கள் அல்லர்.

ஜன்னலோரம் ஒரு பெண் கண்மூடிச் சாய்ந்திருந்தார். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் நர்ஸ் என்பது பிறகுதான் தெரிந்தது. மீஞ்சூர் வரை வாய் திறவாதிருந்தவர், என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அக்கா, நேற்றிரவு என் வார்டில் பத்துக் குழந்தைகள், பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டு பேர். ஏதாவது ஆகியிருந்தால், பதிவேட்டில் முதலில் தேடப்படும் பெயர் என் பெயராகத்தான் இருக்கும்."

அந்தச் சகோதரி எண்ணூரில் இறங்கிப் போய்விட்டார். அவர் சொன்ன சொல் மட்டும் என்னைவிட்டு இறங்கவில்லை. அதைத்தான் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அந்த இங்கிலாந்து வழக்கைப் பார்ப்போம். வடமேற்கு இங்கிலாந்தில் செஸ்டர் என்ற ஊர். அங்குள்ள கவுண்டெஸ் ஆஃப் செஸ்டர் மருத்துவமனையின் பச்சிளங் குழந்தைகள் பிரிவில் 2015 ஜூன் முதல் 2016 ஜூன் வரை வழக்கத்தைவிட அதிகமான மரணங்கள் நேர்ந்தன. அங்குப் பணியாற்றிய லூசி லெட்பி என்ற நர்ஸ் 2018இல் கைது செய்யப்பட்டார். 2022 அக்டோபரில் மான்செஸ்டரில் விசாரணை தொடங்கியது. 2023 ஆகஸ்டில், ஏழு குழந்தைகளைக் கொன்றதாகவும் மேலும் ஆறு குழந்தைகளைக் கொல்ல முயன்றதாகவும் தீர்ப்பாயிற்று. சாகும்வரை சிறை என்பது தண்டனை. மேல்முறையீட்டுக்கான அனுமதியும் 2024இல் மறுக்கப்பட்டது.

தீர்ப்பு வந்த வாரத்தில் அந்நாட்டுப் பத்திரிகைகள் அவரை ஓர் அரக்கியாகச் சித்திரித்தன. அவருடைய வீட்டில் கிடைத்த ஒரு காகிதத்தில், தான் தீயவள், தானே இதைச் செய்ததாக அவர் எழுதிவைத்திருந்த வரி எங்கும் பெரிதாக அச்சிடப்பட்டது. அதே காகிதத்தில், தான் எந்தத் தவறும் செய்யவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். அந்த வரி பலருடைய கண்ணில் படவேயில்லை!

காலம் சற்றுச் சென்றதும் காற்று திசை மாறியது. 2025 பிப்ரவரியில், கனடாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவ வல்லுநர் ஷூ லீ தலைமையில் பல நாடுகளின் வல்லுநர்கள் 14 பேர் கூடி, மருத்துவக் குறிப்புகளில் கொலைக்கான சான்று எதையும் தாங்கள் காணவில்லை என்றும், இயற்கையான காரணங்களும் சிகிச்சைக் குறைபாடுகளுமே தெரிவதாகவும் அறிவித்தனர். அவருடைய வழக்கறிஞர் வழக்கை மறு ஆய்வு செய்யுமாறு அதற்குரிய ஆணையத்தை நாடினார். அரக்கி என்று தூற்றிய அதே ஊரில், அப்பாவி என்று போற்றும் கூட்டமும் பெருகிற்று. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர், ஆறிவரும் புண்ணை மீண்டும் கிளறுகிறார்களே என்று கலங்கி நின்றார்கள்.

இவ்வழக்கில் அதிகம் பேசப்பட்டது பணி அட்டவணை. சந்தேகத்துக்குரிய சம்பவங்கள் ஒருபுறமும் நர்ஸ்களின் பெயர்கள் மறுபுறமும் எழுதப்பட்ட அந்த அட்டவணையில், எல்லாச் சம்பவங்களின்போதும் பணியில் இருந்தவர் இவர் ஒருவரே. பார்த்தவுடன் மனம் குற்றத்தை உறுதி செய்துகொள்கிறது. ஆனால் புள்ளியியல் அறிஞர்கள் கேட்டார்கள்: எந்தச் சம்பவம் சந்தேகத்துக்குரியது என்று முடிவு செய்தது யார்? இவர் பணியில் இல்லாத நேரத்தில் நேர்ந்த மரணங்கள் ஏன் அதில் இல்லை?

இந்தக் கணக்கு நமக்குப் புதிதன்று. புதுமருமகள் வீட்டுக்கு வந்த ஆண்டில் மாமனாருக்கு நோய், கடையில் நஷ்டம், மாடு சாவு என்று அடுக்கி, "இவள் காலடி வைத்த நேரம்" என்று பழி போடும் குடும்பங்களை நாம் அறிவோம். அவள் வருவதற்கு முந்திய ஆண்டின் நஷ்டத்தை அங்கே யாரும் எண்ணுவதில்லை.

இந்தக் கணக்கால் ஒரு பெண்ணின் வாழ்வே சிதைந்ததும் உண்டு. நெதர்லாந்து நாட்டில் லூசியா டி பெர்க் என்ற நர்ஸ், தம் பொறுப்பிலிருந்த நோயாளிகளைக் கொன்றதாக 2003இல் ஆயுள் தண்டனை பெற்றார். இத்தனை மரணங்களின்போது ஒரே நர்ஸ் தற்செயலாகப் பணியில் இருக்க 34 கோடியே 20 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்று நீதிமன்றத்தில் கணக்குச் சொல்லப்பட்டது. அந்தக் கணக்கே தவறானது என்று அறிஞர்கள் பின்னர் எடுத்துக் காட்டினர். மரணங்களும் மீண்டும் ஆராயப்பட்டன. 2010 ஏப்ரலில் அவர் குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. இதற்கிடையே சிறையில் ஆறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்திருந்தன. பக்கவாதமும் அவரைத் தாக்கியிருந்தது.

அதற்காக, வெள்ளுடை அணிந்தோர் குற்றமே செய்யமாட்டார்கள் என்று நான் வாதிடவில்லை. அதே இங்கிலாந்தில் பெவர்லி அலிட் என்ற நர்ஸ், நான்கு குழந்தைகளைக் கொன்றதற்காக 1993இல் தண்டிக்கப்பட்டார். அங்கே குழந்தையின் இரத்தத்தில் இருக்கக்கூடாத அளவு இன்சுலின் கண்டறியப்பட்டிருந்தது. நம் தமிழகத்திலும் 2019இல் இராசிபுரத்தில், குழந்தைகளை விலை பேசும் ஒலிப்பதிவு வெளியாகி, விருப்ப ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் கைதானார். கொல்லிமலை வட்டாரம்வரை பிறப்புப் பதிவுகள் சரிபார்க்கப்பட்டன. குற்றம் நடப்பதுண்டு. அதைக் காட்ட வேண்டியது சான்று. நம்முடைய ஆத்திரம் அன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கோரக்பூரிலிருந்து கேரளம் செல்லும் ரப்திசாகர் விரைவு ரயில் கும்மிடிப்பூண்டி வழியாக நம் மாவட்டத்துள் நுழைந்து, திருவள்ளூரையும் கடந்துதான் மேற்கே செல்கிறது. நம் சிப்காட் ஆலைகளில் உழைக்க உத்தரப்பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். அந்தக் கோரக்பூரில் 2017 ஆகஸ்டில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம்.

அங்குள்ள பாபா ராகவ் தாஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மூளைக்காய்ச்சலால் வாடும் ஏழைக் குழந்தைகளுக்குச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் புகலிடம். அங்கே திரவ ஆக்சிஜன் பெரிய கலனில் நிரப்பப்பட்டு, குழாய் வழியாக வார்டுகளுக்குச் செல்லும். அதை வழங்கிவந்த நிறுவனத்துக்கு ஏறத்தாழ 68 லட்சம் ரூபாய் பாக்கி. பணம் கேட்டுக் கடிதங்கள் சென்றன. ஆகஸ்ட் 10ஆம் தேதி இரவு குழாயில் வாயு குன்றியது. 10, 11 ஆகிய இரு தேதிகளில் மட்டும் அம்மருத்துவமனையில் 30 குழந்தைகள் இறந்ததாகச் செய்திகள் வந்தன. ஆக்சிஜன் குறைவால் மரணங்கள் நேரவில்லை என்று மாநில அரசு கூறியது.

அந்த இரவில் விடுப்பில் இருந்த குழந்தை மருத்துவர் கஃபீல் கான் மருத்துவமனைக்கு விரைந்து வந்தார். தனியார் மருத்துவமனைகளிலிருந்தும் எல்லைக் காவல் படையினரிடமிருந்தும் சிலிண்டர்களைக் கேட்டுப் பெற்றார். மறுநாள் பத்திரிகைகள் அவரைத் தியாகி என்று கொண்டாடின. ஓரிரு நாட்கள்தான்! ஆகஸ்ட் 13ஆம் தேதி அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். மருத்துவமனையின் சிலிண்டர்களைச் சொந்த மருத்துவமனைக்குக் கடத்தினார் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு பரவியது. குழாயில் வரும் ஆக்சிஜனைக் கடத்துவது எவ்வாறு என்று கேட்டவர் சிலரே. செப்டம்பர் 2ஆம் தேதி அவர் கைதானார். கல்லூரி முதல்வர் உட்பட ஒன்பது பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

ஏறத்தாழ எட்டு மாதச் சிறைக்குப் பின், 2018 ஏப்ரலில் அலகாபாத் உயர்நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது. மருத்துவ அலட்சியத்துக்கு அவரைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்கும் ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படவில்லை என்று அது குறிப்பிட்டது. 2019இல் வெளிவந்த துறை விசாரணை அறிக்கையும் அலட்சியக் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. அரசோ, அதனால் அவர் முழுமையாக விடுவிக்கப்பட்டதாகப் பொருளில்லை என்று கூறி, 2021 நவம்பரில் அவரைப் பணிநீக்கம் செய்தது.

அன்பர்களே, இங்குதான் நம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். அவர் சிறையில் இருந்த மாதங்களில் நம் இல்லங்களில் அவருக்காகக் கையேந்தியவர்கள் எத்தனை பேர்! "விசாரிக்காமல் பழி போடுகிறார்களே" என்று நாம் துடித்தோம். துடித்தது தவறன்று. ஆனால் அவருடைய பெயர் நம்முடைய பெயராக இல்லாதிருந்தால் நாம் அவ்வளவு பொறுமை காட்டியிருப்போமா? அவரோடு சிறை சென்ற மற்றவர்களைப் பற்றி நாம் ஒரு வார்த்தையாவது விசாரித்தோமா? கோரக்பூர் மருத்துவருக்கு நாம் கேட்ட நியாயத்தை, செஸ்டர் நர்ஸுக்கு ரயில் பெட்டியில் ஒரு நிமிடத்தில் மறுத்துவிடுகிறோமே, அது எந்த வகை நீதி?

நம்மவர் என்றால் "தீர விசாரியுங்கள்" என்பதும், அயலார் என்றால் "நெருப்பில்லாமல் புகையுமா?" என்பதும் நீதியாகாது. அவதூறு, சொன்னவனோடு நிற்பதில்லை. ஆராயாமல் ஏற்று அடுத்தவருக்கு அனுப்பிய கைகளையும் அது கறைப்படுத்துகிறது. அந்தக் காலத்தில் திண்ணையில் பேசிய பேச்சு அந்தத் தெருவோடு முடிந்தது. இன்று கைப்பேசியில் அனுப்பும் பேச்சு கடல் கடந்து செல்கிறது. திரும்ப அழைத்தாலும் வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு முகத்தைப் பழிக்கவோ புகழவோ கிடைத்துவிட்டால், நம் கோபம் அங்கேயே தீர்ந்துபோகிறது. கோரக்பூரில் மருத்துவர் தியாகியா, துரோகியா என்று நாடே வாதிட்டது. குழந்தைகள் வார்டின் ஆக்சிஜன் பாக்கி ஏன் மாதக்கணக்கில் தீர்க்கப்படவில்லை என்ற கேள்வி பின்னுக்குப் போயிற்று. செஸ்டரிலும் ஆட்குறைவு, வசதிக்குறைவு பற்றிய கேள்விகள் பல ஆண்டுகளுக்குப் பின்னரே உரக்க ஒலித்தன. பிள்ளையை இழந்த தாய்க்கு நாம் செய்யக்கூடிய உண்மையான உதவி, இன்னொரு தாய் அப்படி இழக்காதிருக்க வழி தேடுவதுதான்.

நம் மாவட்டத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியே இயங்குகிறது. ஊருக்கு ஊர் தனியார் மருத்துவமனைகளும் உள்ளன. நாளை நம் வீட்டுப் பிள்ளைக்கே ஒரு துன்பம் நேரலாம். அப்போது என்ன செய்வது?

ஆத்திரத்தில் மருத்துவமனைக் கண்ணாடியை உடைப்பதால் உண்மை வெளிவராது. அவ்வாறு செய்வது 2008ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றமும் ஆகும். மாறாக, சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர்கள் அதை அளிக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. எந்த நேரத்தில் என்ன நடந்தது, யார் என்ன சொன்னார் என்பதை மறக்குமுன் ஒரு தாளில் குறித்து வையுங்கள். மரணத்தில் ஐயம் இருந்தால், மனம் எவ்வளவு வலித்தாலும், அடக்கம் செய்வதற்கு முன்பே உடற்கூறு ஆய்வு கேளுங்கள். இந்த ஒன்றில் நம் குடும்பங்கள் பெரிதும் தயங்குகின்றன. பிறகு காலமெல்லாம் ஐயத்தோடு வாழ்கின்றன. அதன்பின் மருத்துவக் கவுன்சிலையோ நுகர்வோர் ஆணையத்தையோ நாடலாம். காவல்துறையை நாடினாலும், சார்பற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தைப் பெற்றே மேலே செல்ல வேண்டும் என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்சநீதிமன்றம் நெறி வகுத்துள்ளது. இது மருத்துவரைக் காக்க மட்டும் வந்ததன்று. நம் புகாருக்கு வலுச் சேர்ப்பதும் அதுவே.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கொடுத்ததை நாம் மறக்கவில்லை, பயன்படுத்தத்தான் மறந்துவிட்டோம். அடுத்த முறை இப்படியொரு செய்தி உங்கள் கைக்கு வரும்போது, அனுப்பும் பொத்தானில் விரல் வைக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இவர் என் மகளாக இருந்தால் எவ்வளவு விசாரித்திருப்பேன்? இறந்தது என் பேரனாக இருந்தால் எவ்வளவு விசாரித்திருப்பேன்?" இரண்டுக்கும் விடை ஒன்றுதான்.

எண்ணூரில் இறங்கிய அந்தச் சகோதரியின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றிரவும் அவர் பத்துக் குழந்தைகளுக்கு நடுவே விழித்திருப்பார். அந்தக் குழந்தைகள் அனைவரும் நலமுடன் வீடு திரும்ப வேண்டும். அவரும் நற்பெயரோடு வீடு திரும்ப வேண்டும் என இறைஞ்சுகிறேன்.