பட்டியல் எழுதுகிறவரிடமே முறைப்பாடா?

"அப்பவே ஏன் சொல்லேல்ல?" ஒரு வீராங்கனை வாய் திறந்ததும் முதல் வரும் கேள்வி இதுதான். ஆரிட்டச் சொல்லுறது? துன்புறுத்தினவர்தானே நாளைக்கு அணிப் பட்டியலையும் எழுதுகிறார்.

2014இல் இலங்கை மகளிர் கிரிக்கெட்டில், அணியில் இடம் வேண்டுமென்றால் அதிகாரிகளுக்கு இணங்க வேண்டியிருந்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் விளையாட்டுத்துறை அமைச்சு அமைத்த குழு, பாலியல் துன்புறுத்தலுக்கு ஆதாரம் உண்டென்று 2015இல் சொன்னது. அதிகாரிகள் சிலருக்கு வேலை போனது. அது போதுமா? பாலியல் துன்புறுத்தலுக்கு எங்கட தண்டனைச் சட்டக்கோவையில் 1995 முதல் 5 வருடம் வரை சிறை உண்டு.

இதை "ஒழுக்கப் பிரச்சினை" என்று பூசி மெழுகுவதை நாங்கள் ஏற்கமாட்டோம். இது இலஞ்சம். 2023 ஊழல் எதிர்ப்புச் சட்டமும் பாலியல் இலஞ்சத்தைக் குற்றம் என்றுதான் சொல்லுது. காசு வாங்கி ஒருத்தரை அணியில் சேர்த்தால் ஊரே கொதிக்கும். (மட்ச் பிக்சிங் என்றால் விடிய விடிய விவாதம்!) உடம்பைக் கேட்டால் மட்டும், "பிள்ளையின்ர பேர் கெட்டிடும், விடுங்கோ."

பாடசாலை அணியிலிருந்து தேசிய அணி வரை, முறைப்பாட்டைச் சங்கத்துக்கு வெளியே உள்ளவர்கள் எடுக்கவேணும். விசாரணை முடியும்வரை குற்றஞ்சாட்டப்பட்டவர் தெரிவுக்குழுவில் இருக்கக்கூடாது. முறையிட்டவளின் இடம் பறிபோகவும் கூடாது.