பழைய பிட்காயின் இயந்திரங்களும் பள்ளிப் பணிமேசையும்

இறைவைப் பம்போ, நெல் அரைக்கும் இயந்திரமோ தேய்ந்து முறிந்த பின்னரே பயனற்றதாகக் கருதப்படும். பிட்காயின் என்னும் மின்னணு நாணயத்தை ஈட்டுவதற்கென அமைந்த 'மைனிங்' இயந்திரங்களின் நிலை வேறு. அவற்றுள் மிகப் பல, பழுது ஏதுமின்றி நன்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒதுக்கப்படுகின்றன. மின் கட்டணத்திற்கும் வரவிற்கும் உள்ள கணக்கு ஒரு நாள் மாறிவிடுகிறது. அன்றே இயந்திரம் பழம்பொருளாகிவிடுகிறது. 2021-ஆம் ஆண்டில் சீன அரசாங்கம் இத்தொழிலைத் தடை செய்தபோதும், 2022 செப்டம்பர் 15-இல் ஈத்தரியம் என்ற மற்றொரு நாணய அமைப்பு இம்முறையையே கைவிட்டபோதும், ஏராளமான இயந்திரங்களும் கிராபிக்ஸ் கார்டுகளும் பழைய சாமான் சந்தையை வந்தடைந்தன. இவற்றை மலிவாக வாங்கிப் பழுதுபார்த்து ஓட்டினால் வருமானம் கிட்டாதா என்ற கேள்வி படித்த இளைஞரிடையே எழுவது இயற்கை. வெளிக்கள ஊழியர்களும் ஆசிரியர்களும் இதற்கு விடை கூற வேண்டிய நிலையில் இருப்பதால், இதனைச் சற்று விரிவாக ஆராய்வது தக்கது.

கேரள மாநிலத்தில் ஆனைக்கரை என்னும் பெயருடைய ஊர்கள் இரண்டு உள. ஒன்று பாலக்காட்டு மாவட்டத்தின் மேற்குக் கோடியில் உள்ளது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேட்டிற்கு அண்மையில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்த ஏல மலைகளில் உள்ளது. பெயர் ஒன்றாயினும் தேவைகள் வேறு. இரண்டாவது ஊரைச் சுற்றிலும் ஏலத் தோட்டங்கள். தோட்டந்தோறும் காயை உலர்த்தும் 'ஸ்டோர்'கள். மாதக்கணக்கில் நீடிக்கும் மழையும் ஈரமும். மின்சாரத்தைத் தின்று வெப்பத்தை உமிழும் ஓர் இயந்திரத்தைப் பற்றி ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

முதலில் இவ்வியந்திரத்தின் தொழில் யாது என்பதை அறிதல் வேண்டும். அமெரிக்க அரசாங்கத்தின் தர நிறுவனம் 2002-இல் வெளியிட்ட 'ஷா-256' என்னும் கணக்கீட்டு முறை ஒன்று உண்டு. எவ்வளவு நீண்ட செய்தியையும் 256 இருமக் குறிகள் கொண்ட ஓர் எண்ணாகச் சுருக்குவது அதன் வேலை. பிட்காயின் பேரேட்டில் புதிய பக்கம் ஒன்றைச் சேர்க்க விரும்புவோர், 80 பைட் அளவுள்ள தலைப்புக் குறிப்பில் ஓர் எண்ணை மாற்றி மாற்றி வைத்து இக்கணக்கை இருமுறை செய்து பார்க்கின்றனர். குறித்த வரம்பிற்குக் கீழ்ப்பட்ட விடை எவருக்கு முதலில் கிட்டுகிறதோ அவருக்கே நாணயம். உண்மையில் இது சுரங்கம் தோண்டுவதன்று; ஓயாமல் சீட்டுக் குலுக்குவதாகும். 2009-இல் இதற்குச் சாதாரணக் கணிப்பொறியே போதுமானதாக இருந்தது. பின்னர் கிராபிக்ஸ் கார்டுகள் வந்தன. 2013 முதல் இவ்வொரு கணக்கிற்கென்றே வார்க்கப்பட்ட நுண்சில்லுகள் களத்தைக் கைப்பற்றின. பிட்மெயின் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஆன்ட்மைனர் எஸ்9 என்பது இவ்வகையில் மிகப் பரவலாகப் பயன்பட்டது. அதில் 189 சில்லுகள் உள்ளன. நொடிக்கு ஏறத்தாழ 13.5 லட்சம் கோடி முறை கணக்கிடும். ஏறத்தாழ 1,350 வாட் மின்திறனை இழுக்கும். இச்சில்லுகளுக்கு வேறெந்தக் கணக்கும் தெரியாது. இவற்றைக் கொண்டு பள்ளிக்கு ஒரு மீக்கணிப்பொறி அமைத்துவிடலாம் என்று எவரேனும் கூறின், அதனை நம்ப வேண்டுவதில்லை.

இனி வரவு செலவைப் பார்க்கலாம். 2024 ஏப்ரலுக்குப் பின்னர் நாளொன்றுக்கு உலகெங்குமாகப் புதிதாய் வெளிவருவன ஏறத்தாழ 450 பிட்காயின்களே. உலகிலுள்ள எல்லா இயந்திரங்களும் சேர்ந்து நொடிக்குச் செய்யும் கணக்குகள் 2025-இல் ஒரு கோடி கோடி கோடி என்னும் எண்ணிக்கையைத் தாண்டின. அந்த அளவில் ஓர் எஸ்9 இயந்திரத்தின் பங்கு ஏழரைக் கோடியில் ஒன்று. ஒரு பிட்காயினின் விலை ஒரு கோடி ரூபாய் என்றே கொண்டாலும், அதன் ஒரு நாள் வரவு 61 ரூபாய்க்கு மேற்படாது. அதே நாளில் அது 32 யூனிட் மின்சாரத்தைச் செலவிடும். யூனிட்டுக்கு 6 ரூபாய் வீதம் 194 ரூபாய் ஆகிறது. யூனிட் 1 ரூபாய் 88 காசுக்குக் கிடைத்தாலன்றி கைப்பொருள் நிற்காது. 2028-இல் எதிர்பார்க்கப்படும் அடுத்த பாதியாக்கத்திற்குப் பின்னர், பிற அளவுகள் மாறாதிருப்பின், அந்த 61 ரூபாயும் பாதியாகும். புதிய எஸ்21 இயந்திரம் அதே அளவு கணக்கிற்கு எஸ்9 கேட்கும் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடக் கேட்பதில்லை. பழைய இயந்திரத்தை எவ்வளவு நேர்த்தியாகப் பழுதுபார்த்தாலும் இந்த இடைவெளியை நிரப்ப இயலாது. அது கைத்திறனின் குறையன்று, சில்லின் அமைப்பிலேயே உள்ள குறை.

இந்தக் கணக்கை அறிந்த சிலர், விவசாய இணைப்பில் வரும் சலுகை மின்சாரத்தைக் கொண்டு ஓட்டலாம் என எண்ணுவர். இது பெருந்தவறு. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி, அனுமதித்த காரியத்திற்கு அன்றி வேறு காரியத்திற்கு மின்சாரத்தைப் பயன்படுத்துவது முறையற்ற பயன்பாடு. உரிய கட்டணத்தின் இரு மடங்கு விதிக்கப்படும். வருமான வரியும் உண்டு. இத்தகைய மின்னணுச் சொத்துக்களின் வருமானத்திற்கு 2022 ஏப்ரல் 1 முதல் 30 சதவீத வரி விதிக்கப்பட்டது. மைனிங் சாதனங்களுக்கு ஆகும் செலவை அதில் கழித்துக்கொள்ள இயலாது என மத்திய நிதியமைச்சகம் அவ்வாண்டே பாராளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது. நட்டத்தில் ஓடும் இயந்திரத்திற்கும் வரி கட்ட நேரும் என்பதை வெளிக்கள ஊழியர்கள் விவசாயிகளுக்கு எடுத்துரைப்பது நலம்.

வெப்பத்தையாவது பயன்படுத்தலாகாதா என்ற வாதம் இதைவிட வலிவுடையது. பின்லாந்தில் ஒரு நகரப் பகுதிக்கு வெந்நீர் வழங்கும் அமைப்போடு 2024-இல் இத்தகைய இயந்திரங்கள் இணைக்கப்பட்டன. ஏல மலையில் வீடுகளுக்கு அவ்வளவு வெப்பம் வேண்டுவதில்லை. ஆனால் ஸ்டோர்களுக்கு வேண்டும். பச்சை ஏலக்காயில் நூற்றுக்கு எண்பது பங்கு ஈரம். அதனை 45 முதல் 55 டிகிரி வரையிலான வெப்பத்தில் பதமாக உலர்த்தி, ஈரத்தைப் பத்து, பன்னிரண்டு பங்காகக் குறைக்க வேண்டும். நூறு கிலோ பச்சைக் காயிலிருந்து 77 கிலோவுக்கு மேற்பட்ட நீரை ஆவியாக்குவதற்கு, வெப்பம் சிறிதும் வீணாகாது எனக் கொண்டாலும், 52 யூனிட் வேண்டும். இரண்டு எஸ்9 இயந்திரங்கள் ஒரு நாளில் 65 யூனிட் வெப்பம் தரும். சுவர் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் வீணாவதைச் சேர்த்தால் நான்கு இயந்திரங்களாவது தேவைப்படும். விறகு எரிப்பது குறையும் என்பது உண்மையே.

ஆயினும் இங்கே ஒரு போட்டியாளர் இருப்பதை மறத்தலாகாது. வெப்பப் பம்பு பொருத்திய உலர்த்தி, வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே ஏற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தரவல்லது. அதே மூன்று யூனிட் வெப்பத்திற்கு மைனிங் இயந்திரம் மூன்று யூனிட் மின்சாரம் கேட்கும். நாணய வரவைக் கழித்த பின்னும் 12 ரூபாய்க்கு மேற்படும். வெப்பப் பம்பிற்கோ 6 ரூபாய். மேலும், உலர்த்தும் அறையின் ஈரக்காற்று இயந்திரத்தினுள் திரும்பச் செல்லுமாயின் தகடுகள் பச்சை பூத்து அழியும். 40 டிகிரிக்கு மேற்பட்ட காற்றை உள்ளிழுத்து ஓடுவதற்கு அவை அமைந்தவையும் அல்ல. எனவே ஸ்டோர் கட்டும் விவசாயி கடன் வாங்கி இவ்வியந்திரங்களை வாங்குவதை எந்த ஊழியரும் ஊக்குவிக்கலாகாது.

அங்ஙனமாயின் இவை யாவும் பழைய இரும்புக் கடைக்கே உரியனவா? அன்று. நாணயத்திற்கும் உதவாத, வெப்பத்திற்கும் உதவாத இவ்வியந்திரம், பழுதுபார்க்கக் கற்பிப்பதற்கு மிகச் சிறந்த கருவி என்பதே இங்கு வலியுறுத்தத் தக்கது.

காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது. எஸ்9-இல் மூன்று கணக்குப் பலகைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 63 சில்லுகள், மும்மூன்றாக 21 தொகுதிகளாய், மின்னோட்டத்திற்குத் தொடர் வரிசையில் நிற்கின்றன. பலகைக்கு ஊட்டப்படும் ஏறத்தாழ 9 வோல்ட் இத்தொகுதிகளிடையே சமமாகப் பங்கிடப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் 0.4 வோல்ட் அளவில் கிடைக்கிறது. தொடர் இணைப்பில் மின்னழுத்தம் பங்கிடப்படும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டும் பாடம் இதுவே. மாணவன் மல்டிமீட்டரின் முனையை ஒவ்வொரு தொகுதியிலும் வைத்துக் குறித்துக்கொண்டே செல்கிறான். இருபது இடங்களில் ஒரே அளவு. ஓரிடத்தில் மட்டும் பூச்சியம். அத்தொகுதியில் குறுக்குச்சுற்று நேர்ந்திருக்கிறது என்பதை எவரும் சொல்லாமலே அவன் கண்டுகொள்கிறான். செய்தியும் ஒரு சில்லிலிருந்து அடுத்த சில்லிற்குக் கைமாறியே செல்வதால், இடையில் ஒன்று செயலிழந்தால் அதற்கப்பால் உள்ளவை கட்டுப்பாட்டுப் பலகையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. சங்கிலி எங்கே அறுந்தது என்று தேடும் இப்பயிற்சி, மின்கம்பிப் பாதையில் பழுது தேடும் லைன்மேனுக்கும், டிராக்டர் பழுதுபார்ப்பவனுக்கும் பொதுவானது. பொத்தானை அழுத்திப் பழக மட்டும் கற்றுத்தரும் கணிப்பொறி அறைகளில் இது கிடைப்பதில்லை.

பலகையை முதலில் மென்மையான தூரிகையாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் துடைத்து, நன்கு உலர்த்திய பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். மழைக்காலத்தில் பல மாதம் மூடி வைத்திருந்த இயந்திரத்தை எடுத்தவுடன் ஓட்டுவது, மலைப் பகுதிகளில் அதனைக் கொல்வதற்கு எளிய வழி. விசிறி இன்றி ஒரு நிமிடமும் ஓட்டலாகாது. சில்லின் மீதுள்ள அலுமினிய வெப்பத்தகடு கழன்று விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2019-இல் வெளிவந்த எஸ்17 வகையில் இக்குறை மிகுதி. சில்லை மாற்றுவதற்கு வெப்பக்காற்றுச் சால்டரிங் கருவியும் பழகிய கையும் வேண்டும். அதனைப் பள்ளியில் முதலாண்டிலேயே முயல வேண்டுவதில்லை. மூன்று பலகைகளுள் இரண்டு கெட்டிருப்பினும், ஒன்றைக் கொண்டே இயந்திரம் ஓடும். கெட்டவற்றிலிருந்து எடுத்த உதிரிகளே அடுத்த இயந்திரத்திற்கு மருந்து.

இயந்திரத்தின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையின் மதிப்பைப் பலர் உணர்வதில்லை. அதில் உள்ளது ஜைலிங்க்ஸ் நிறுவனத்தின் ஜிங்க் சில்லு. அதன் ஒரு பாதி சிறிய கணிப்பொறி. மறுபாதி, விரும்பிய மின்சுற்றாக எழுதி எழுதி அழிக்கத்தக்கது. இதே இனச் சில்லைத் தாங்கிய வேறொரு பழைய மைனிங் இயந்திரத்தின் பலகையை உலகெங்கும் ஆர்வலர்கள் கற்கும் பலகையாக மாற்றிப் பயன்படுத்துகின்றனர். பாலிடெக்னிக் ஆசிரியர்கள் விலை கொடுத்து வாங்கும் பொருள் இங்கே குப்பையில் கிடக்கிறது. ஈத்தரியம் கைவிடப்பட்டதால் வந்த கிராபிக்ஸ் கார்டுகளும் அவ்வாறே. வெப்பப் பசையைப் புதுப்பித்து, மாற்றி எழுதப்பட்டிருந்தால் அடிப்படை மென்பொருளை மூல நிலைக்குக் கொணர்ந்தால், படம் வரையவும் இயந்திரக் கற்றல் பயிலவும் அவை உதவும். கேரளப் பள்ளிகளில் 'கைட்' நிறுவனத்தின் வழியாகக் கட்டற்ற மென்பொருளே பயிற்றப்பட்டு வருவதும், 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் குழுக்கள் இயங்கி வருவதும் இதற்கு நல்ல அடித்தளம்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. 1,350 வாட் என்பது 230 வோல்ட்டில் ஏறத்தாழ 6 ஆம்பியர்; வகுப்பறையின் சிறு பிளக்கில் இதனைச் செருகலாகாது. தனிக் கம்பியும், எர்த்தும், 16 ஆம்பியர் பிளக்கும் வேண்டும். மின்வழங்கிப் பெட்டி 12 வோல்ட் மட்டுமே தருவதால் அச்சமில்லை என எண்ணுதல் தவறு. அது 133 ஆம்பியர் வரை தரவல்லது. குறுக்கே விழுந்த ஸ்பேனரைச் சிவக்கக் காய்ச்சும், விரலில் மோதிரம் இருந்தால் விரலைச் சுடும். பெட்டியினுள்ளே ஏறத்தாழ 400 வோல்ட் தாங்கும் மின்தேக்கி உண்டு; பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதில் மின்னூட்டம் தங்கும். அப்பெட்டியைப் பள்ளியில் திறக்கவே கூடாது. பழைய இயந்திரத்தைப் பள்ளியின் கணிப்பொறி வலையில் நேராக இணைப்பதும் தகாது. 2017-இல் இவற்றின் மென்பொருளில் வெளியிலிருந்து நிறுத்தத்தக்க ஒரு பின்வாயில் இருந்தது வெளிப்பட்டது. 2019-இல் எஸ்9 இயந்திரங்களைப் பற்றிய பணயத் தீநிரல் ஒன்று பரவிற்று. ஆதலின் எஸ்.டி. கார்டின் வழியாக மென்பொருளைப் புதிதாய் எழுதிய பின்னரே பயன்படுத்த வேண்டும்.

இவற்றையெல்லாம் மறுசுழற்சியாளரிடம் உடனே ஒப்படைப்பதே சட்டத்திற்கு இசைந்தது என வாதிப்போர் உளர். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், உடைப்பவரையும் உருக்குபவரையும் மட்டுமன்றிப் புதுப்பிப்பவரையும் அங்கீகரிக்கின்றன. பிட்காயின் இயந்திரங்களால் ஆண்டுதோறும் 30,700 டன் கழிவு உண்டாவதாக 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இயந்திரத்தின் சராசரி ஆயுள் ஒன்றேகால் ஆண்டு என்றும் அது கொண்டது. அம்மதிப்பு சற்றுக் கடுமையானது என்பதற்கு ஆறேழு ஆண்டுகள் ஓடிய எஸ்9 இயந்திரங்களே சான்று. ஆயினும் உருக்குவதால் கிட்டுவது சிறிது செம்பும் அலுமினியமுமே. உருக்குமுன் ஓராண்டு ஒரு பணிமேசையில் கிடந்தால் அதனால் எவருக்கும் நட்டமில்லை.

ஆதலின், கல்வி மாவட்டத்திற்கு ஒன்றாக, தொழிற்கல்வி நடைபெறும் ஒரு பள்ளியில் இத்தகைய பணிமேசை அமைய இடந்தருவது நன்று. கைவிடப்பட்ட இயந்திரங்களை நன்கொடையாகப் பெற்று, வந்த நாள், எடை, கண்ட பழுது, எடுத்த உதிரி ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஓட்டிப் பார்ப்பது சோதனைக்கு வேண்டிய சில நிமிடங்களே; நாணயம் ஈட்டுவதற்கு அனுமதி இல்லை என்பதைப் பதிவேட்டின் முதற்பக்கத்திலேயே எழுதிவிடலாம். ஆண்டிறுதியில் எஞ்சிய பலகைகளை எடை போட்டு, கிளீன் கேரளா கம்பெனி போன்ற அமைப்பின் வழியாக அனுப்பி, பெற்ற ரசீதை அதே ஏட்டில் ஒட்டி வைக்க வேண்டும்.