பண்டிகை முடிந்த மறுநாள்



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது பாதிப் பேர் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருப்பீர்கள். ரயிலில் இடம் கிடைக்காதவர்கள் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய்ச் சேர எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஊரில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிற வீடு என்றால், உங்களுக்கு ஒரு யோசனை. பொங்கலன்று அவர்களை எடை போடாதீர்கள். காணும் பொங்கல் முடிந்து, விருந்தாளிகள் எல்லாரும் போன மறுநாள் வீட்டைப் பாருங்கள்.

பண்டிகை நாளில் எல்லா அம்மாக்களும் தெம்பாகத்தான் தெரிவார்கள். பிள்ளைகள் வருகிறார்கள் என்றதுமே ஆள் வைத்து ஒட்டடை அடித்து, சுண்ணாம்பு பூசி, முறுக்கு சுட்டு வைத்துவிடுவார்கள். அந்தத் தெம்பு பொய்யில்லை. ஆனால் நீங்கள் பஸ் ஏறியதும் இரண்டு நாள் எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பார்கள். அந்தச் சேதி உங்கள் காதுக்கு வராது. போனில் கேட்டால், "எனக்கென்னடா, நீ உன் உடம்பைப் பாத்துக்கோ" என்பார்கள். உதவி வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கும் தலைமுறை இல்லை அது.

அதனால் அவர்கள் சொல்வதை விட்டுவிட்டு வீட்டைப் படிக்க வேண்டும். அதிலும் ஒரு நிதானம் தேவை. மேசை முழுக்கப் பழைய பேப்பர் குவிந்து கிடப்பது ஒருவருக்கு நாற்பது வருடப் பழக்கமாக இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. காலையில் பேப்பரை வரி விடாமல் படித்து, மடிப்புக் கலையாமல் அடுக்கி வைத்த அப்பாவின் வீட்டில் ரப்பர் பேண்டு கழற்றாத பேப்பர்கள் கிடந்தால் அது செய்தி. ஒருவேளை கண்புரையாக இருக்கலாம், மனம் சோர்ந்திருக்கலாம், படித்தது மனதில் நிற்காமல் போயிருக்கலாம். அடுத்த வீட்டுத் தாத்தா எண்பது வயதிலும் சைக்கிள் ஓட்டுகிறார் என்பதெல்லாம் இங்கே அளவுகோல் ஆகாது. உங்கள் அப்பாவை, போன வருடத்து உங்கள் அப்பாவோடு மட்டும் வைத்துப் பாருங்கள்.

மார்கழி முழுக்க வாசலை அடைத்துப் புள்ளிக்கோலம் போட்ட அம்மா, இப்போது நான்கு இழுப்பில் முடித்துக்கொள்கிறாரா, ஸ்டிக்கர் கோலத்துக்கு மாறிவிட்டாரா? குனிய முடியவில்லை என்று அர்த்தம். ஃப்ரிட்ஜைத் திறந்தால் புளித்துப் பொங்கிய மாவும், பிரித்துப் பாதியில் விட்ட மூன்று தயிர் பாக்கெட்டும் இருக்கிறதா? அடுப்படியில் அடிப்பிடித்துக் கறுத்த பாத்திரங்கள் கூடியிருக்கிறதா? குழம்பில் உப்பு தூக்கலாக இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வயது ஏற ஏற நாக்குக்குச் சுவை மங்கும், அவ்வளவுதான். ஆனால் உப்பு போட்டோமா என்ற சந்தேகத்தில் இரண்டு முறை போடுவது வேறு கதை.

சுவரைப் பாருங்கள். படுக்கையிலிருந்து பாத்ரூம் போகும் வழியில் இடுப்புக்குச் சற்று மேலே, கை வைத்து வைத்து அழுக்கேறிய ஒரு தடம் இருந்தால், நடை தள்ளாடுகிறது என்று பொருள். புதுச் சுண்ணாம்பு அதை மறைத்திருக்கும். ஆள் நடக்கும்போது கை எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கினால், கைக்கடிகாரம் தொளதொளவென்று சுற்றினால் எடை பார்க்கச் சொல்லுங்கள். அறுபது கிலோ இருந்தவர் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் தானாக 3 கிலோ இறங்கியிருந்தால், 'வயசாச்சு, இளைச்சுட்டார்' என்று விட்டுவிடக் கூடாது. காரணம் தேட வேண்டிய இறக்கம் அது.

மாத்திரை டப்பாவை மட்டும் கட்டாயம் பாருங்கள். ஒரு அட்டையில் இன்று எத்தனை மிச்சம் இருக்க வேண்டும் என்று தேதியை வைத்து எண்ணினால் தெரிந்துவிடும். சுகர் மாத்திரையை விட்டுவிடுவதும் ஆபத்து. போட்டது மறந்து இன்னொன்று போடுவதும், போட்டுவிட்டுச் சாப்பிடாமல் தூங்கிவிடுவதும் அதைவிட ஆபத்து.

இவையெல்லாம் சின்ன விஷயங்களாகத் தோன்றும். ஆனால் முதுமையில் கை நழுவுவதற்கு ஒரு வரிசை உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் முதியோரிடையே வேலை செய்த பவல் லாட்டன், எலைன் பிராடி இருவரும் 1969-இல் ஒரு பட்டியல் போட்டார்கள். போன் பேசுவது, கடைக்குப் போவது, சமைப்பது, வீட்டைப் பராமரிப்பது, துணி துவைப்பது, வெளியே போய் வருவது, மருந்தைச் சரியாகச் சாப்பிடுவது, பணத்தைக் கையாளுவது. உலகம் முழுக்க முதியோர் மருத்துவர்கள் இன்றும் இந்த எட்டைத்தான் கேட்கிறார்கள். குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்றவை தடுமாறுவதற்கு வெகு முன்பே இந்த எட்டில் ஏதாவது நழுவத் தொடங்கும். நம்மவர்களோ அப்பா படுக்கையில் விழுந்த பிறகுதான் உதவி என்ற பேச்சையே எடுக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்டு பில்லை கெடு தவறாமல் கட்டியவர், இரண்டு முறை விட்டுவிட்டு ஃபியூஸைப் பிடுங்க ஆள் வந்தபோதுதான் விழித்தார் என்றால், மணி அப்போதே அடித்துவிட்டது.

இதில் ஏமாற்றிவிடுவது தம்பதிகள்தான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அவருக்குக் காது மந்தம், அந்தம்மாவுக்கு நினைவு மந்தம். கேள்வியை அந்தம்மா வாங்கி அவர் காதில் போடுவார்; பதிலை அவர் சொல்வார். வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பழுது எதுவும் தெரியாது. அவர் போன பிறகு, "அப்பா செத்த அதிர்ச்சியில அம்மாவுக்கு மறதி வந்துடுச்சு" என்றார்கள் பிள்ளைகள். அப்பா இருந்தவரை அது வெளியே வரவில்லை, அவ்வளவே. இருவரும் சேர்ந்து இருக்கிற வீட்டில், ஒருவர் கடைக்குப் போகும் நேரம் பார்த்து மற்றவரோடு தனியாகக் கொஞ்சம் பேசிப் பாருங்கள்.

மெல்ல வருகிற மாற்றமும் திடீரென்று வருகிற மாற்றமும் ஒன்றல்ல. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று நேரம் காலம் தெரியாமல் பேசினால், 'சித்தம் கலங்கிடுச்சு' என்று மூலையில் உட்கார வைக்காதீர்கள். சிறுநீர்த் தொற்றும், ரத்தத்தில் சோடியம் குறைவதும் முதியவர்களை இப்படித்தான் குழப்பும். பிரஷருக்குச் சாப்பிடும் நீர்பிரியும் மாத்திரையேகூட சோடியத்தை இறக்கிவிடலாம். அன்றே டாக்டரிடம் போனால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மெல்ல வரும் மறதியிலும் தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கலாம். இன்னொன்று: ராத்திரி எழுந்து போகப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் அம்மாக்கள் நிறைய. மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. அதற்கு வைத்தியம் ஒரு ராத்திரி விளக்கும் பாத்ரூமில் ஒரு கைப்பிடியும்.

உதவி என்றதும் முழுநேர நர்ஸ் என்று நினைத்து இரு தரப்பும் மிரள்கின்றன. எது நழுவுகிறதோ அதற்கு மட்டும் கை கொடுத்தால் போதும். பாத்திரம் தேய்க்க வரும் அக்காவை இன்னும் ஒரு மணி நேரம் இருந்து காய் நறுக்கித் தரச் சொல்லலாம். ஏழு நாளுக்கும் அறை பிரித்த மாத்திரை டப்பா வாங்கித் தரலாம். கோயிலுக்கும் பேங்க்குக்கும் தெரிந்த ஒரு ஆட்டோக்காரரை ஏற்பாடு செய்யலாம். ஆனால் சமைக்கத் தெம்புள்ள அம்மாவிடமிருந்து கரண்டியைப் பிடுங்கினால் அவருடைய நாளையே பிடுங்குகிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. "உனக்கு முடியலம்மா" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அங்க எனக்குத் தூக்கம் வரலம்மா, எனக்காக ஒரு ஆள் வச்சுக்கோ" என்றால் பெரும்பாலான அம்மாக்கள் இறங்கி வருவார்கள். அப்பாக்களுக்கு டாக்டர் வாயால் சொல்ல வைப்பதே வழி.

அரசின் ஏற்பாடுகளும் தெரிந்திருக்கட்டும். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். இயன்முறை சிகிச்சையும் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1978-இல், இந்தியாவிலேயே முதலாவதாக, முதியோர் மருத்துவத்துக்குத் தனிப் பிரிவு தொடங்கக் காரணமாக இருந்தவர் டாக்டர் வ.செ. நடராசன். 2024 முதல் கிண்டியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கென்றே தனி மருத்துவமனை இயங்குகிறது. எங்கே, யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது.

மேலே சொன்ன எலைன் பிராடி 1981-இல் இன்னொன்றும் எழுதினார். பெற்றோர், பிள்ளைகள், வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெண்களைப் பற்றி. நம் ஊரில் அது அம்மா வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் மகள், அல்லது கூடவே இருக்கும் மருமகள். அவளுக்கே ஐம்பத்தைந்து தாண்டி முழங்கால் வலி வந்திருக்கும். வெளிநாட்டு அண்ணன் தினமும் வாட்ஸ்அப்பில் ஆலோசனை அனுப்புகிறார். அண்ணன்மாரே, ஆலோசனையைக் குறைத்து, சம்பளத்துக்கு ஆள் வைக்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். வருடத்தில் பதினைந்து நாள் வந்து, அவளை ஊருக்கு அனுப்பிவிட்டு நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு எல்லாரும் கூடும்போது இதைப் பேசி முடித்துவிடலாம். அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு பேசுங்கள்.

உங்கள் வீட்டில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறோம். பிடிவாதக்கார அப்பாவைக் கைத்தடி பிடிக்க வைத்தவர்கள் யாராவது இருந்தால் முதலில் எழுதுங்கள். ஆபீஸிலேயே மூன்று பேர் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்