மீன் இருக்கும் இடம்... தகவலை நம்பிப் போகலாமா?

‘‘மூன்று ஏக்கர் மானாவாரி நிலமும் ஒரு ஃபைபர் படகும்தான் எங்கள் பிழைப்பு. மீன் கிடைக்கும் இடம் என்று செல்போனில் வரும் தகவலை நம்பி, என் கணவர் இரண்டு முறை கடலுக்குப் போனார். ஒருமுறை நல்ல மீன்பாடு. அடுத்த முறை டீசல் காசுகூட மிஞ்சவில்லை. அந்தத் தகவலை நம்பலாமா?’’

- வாசகி, வேதாரண்யம்.

நம்பலாம். ஆனால், எந்த மாதம், எத்தனை நாள் பழைய தகவல் என்பதைப் பார்த்துத்தான் நம்ப வேண்டும்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இந்தத் தகவலைத் தருகிறது. செயற்கைக்கோள் மீனைப் பார்ப்பதில்லை. கடலின் மேல்மட்ட வெப்பத்தையும் நிறத்தையும்தான் பார்க்கிறது.

நம் கரையோர நீரோட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கி ஓடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கித் திரும்பிவிடும். வாய்க்கால் தண்ணீர் மதகைத் தாண்டியதும் ஓரத்தில் சுழித்து ஒதுங்குமே, அதேபோல இந்த ஓட்டத்தின் ஓரங்களிலும் சுழல்கள் உருவாகும். சில கிலோமீட்டர் அகலத்திலும் இருக்கும், நூறு கிலோமீட்டரைத் தாண்டியும் இருக்கும். நம் பக்கத்துக் கடலில் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும் சுழல், அடியில் உள்ள குளிர்ந்த, சத்துள்ள நீரை மேலே தூக்கும். வயலுக்கு அடியுரம் போட்ட மாதிரிதான். அதில் நுண்பாசி வளரும். அதைத் தின்னச் சிறு உயிர்கள் வரும், பிறகு மீன் வரும். இதற்குச் சில நாட்கள் ஆகும். அதற்குள் சிறிய சுழல் கலைந்தோ, நகர்ந்தோ போய்விடலாம். வெறும் வலையோடு திரும்ப இதுவும் ஒரு காரணம்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு சிக்கல். கங்கை, பிரம்மபுத்திரா வெள்ளம் கரையை ஒட்டியே தெற்கே இறங்கி நம் கடல் வரை வருகிறது. உப்புக் குறைந்த அந்த நீர், கனமான உப்புநீரின் மேல் எண்ணெய்போல மிதந்து, அடிச்சத்து மேலே வருவதைத் தடுக்கும். போதாததற்கு மேகம் மூடினால், செயற்கைக்கோளுக்குக் கடல் மேற்பரப்பே தெரியாது. தகவல் வருவதும் குறையும்.

தகவலில் இறங்குதளத்திலிருந்து திசை, தூரம், ஆழம், எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் இருக்கும். முதலில் தேதியைப் பாருங்கள். முடியப்போகும் தேதி என்றால், தூரத்து இடத்துக்காக டீசல் போட வேண்டாம். சொன்ன இடத்தில் நீரின் நிறம் மாறும் கோடு தெரிந்தால், அந்தக் கோட்டை ஒட்டி வலைவிடச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் தகவல் வராது. புயல் எச்சரிக்கை இருந்தால், மீன் தகவலைப் பார்க்கவே வேண்டாம்.