முதலில் மூச்சு, பிறகு புத்திமதி

"செத்தது ஒருவகையில் நல்லதுதான். அந்தத் தாய்க்காவது இனி நிம்மதி."

போதையில் விழுந்து இறந்துபோன பையனின் வீட்டு வாசலிலேயே இப்படிப் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பேசுகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். அந்தக் குடும்பம் பட்ட பாட்டைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவர்கள். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது, அப்பாவின் பென்ஷன் பணம் காணாமல் போனது, நடுராத்திரி ரகளை எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு தவறு என்பது என் கருத்து. திருந்துவதற்கு ஒருவன் முதலில் உயிரோடு இருக்க வேண்டும். செத்தவன் திருந்தியதாக எந்த ஊரிலும் கதை இல்லை.

முப்பது வருடங்களுக்கு மேல் அரசு மருத்துவமனைகளில் மருந்தாளுநராக இருந்தவன் நான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அவசரப் பிரிவுக்கு வரும் விஷம் என்றால் பூச்சி மருந்து, அரளி விதை, பாம்புக்கடி, கள்ளச்சாராயம். ஓய்வு பெறும் சமயத்தில் இன்னொன்றும் சேர்ந்துவிட்டது: மாத்திரை. டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய வலி மாத்திரையை எப்படியோ வாங்கி, பொடித்து, தண்ணீரில் கரைத்து, நரம்பில் ஏற்றிக்கொள்வது. இப்போது மாவட்டச் செய்திப் பக்கத்தைத் திறந்தால் 'போதை மாத்திரை விற்ற இருவர் கைது' என்ற தலைப்பு அடிக்கடி கண்ணில் படுகிறது. அதில் பெரும்பாலும் அடிபடுவது டேபென்டடால் என்ற வலி மாத்திரை.

இது எங்கோ நடக்கும் விஷயம் என்று நினைக்க வேண்டாம். மத்திய சமூக நீதித் துறைக்காக எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. அதன்படி அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் நாடு முழுவதும் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். ஊசி மூலம் ஏற்றிக்கொள்கிறவர்கள் மட்டும் சுமார் எட்டரை லட்சம். அபின், ஹெராயின் மட்டுமல்ல, மேலே சொன்ன வலி மாத்திரைகளும் இந்த வகைதான்.

இவை எப்படிக் கொல்கின்றன என்பது பலருக்குத் தெரியாது. இதயத்தை நிறுத்துவதாக நினைக்கிறார்கள். முதலில் நிற்பது மூச்சு. நாம் தூங்கும்போதும் 'மூச்சு விடு, மூச்சு விடு' என்று மூளை கட்டளை இட்டுக்கொண்டே இருக்கிறது. அபின் வகை மருந்து அளவு மீறினால் அந்தக் கட்டளை மங்கிவிடும. நிமிடத்துக்குப் பதினைந்து தடவை விட வேண்டிய மூச்சு எட்டாகும், நாலாகும், பிறகு நின்றுபோகும். அதோடு மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. பார்ப்பவர்களுக்கு அவன் குறட்டை விட்டு அயர்ந்து தூங்குவதுபோலத்தான் தெரியும். "தெளிஞ்சதும் எழுந்திருப்பான், விடு" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். காலையில் கதவைத் திறக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. பெயர் நாலோக்சோன். புதுக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் 1971-லேயே அனுமதி பெற்றது. மூளையில் அபின் மருந்து உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். இதில் போதை கிடையாது, பழக்கமும் ஏற்படாது. வேறு ஏதோ காரணத்தால் மயங்கியவருக்குத் தவறிப் போட்டாலும் பெரிய கெடுதல் இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: இதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரைதான். அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால், உடம்பில் மிச்சமிருக்கும் போதை மருந்து மறுபடி மூச்சை அமுக்கிவிடும்.

இந்த மருந்தின் வேகத்தை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு மழை இரவு. ஆட்டோவில் ஒரு பையனைக் கொண்டுவந்து அவசரப் பிரிவு வாசலில் இறக்கிவிட்டு, கூட வந்த மூன்று பேரும் ஓடிவிட்டார்கள். உதடு நாவல்பழ நிறம். பணியில் இருந்த டாக்டரம்மா கண்ணை விரித்துப் பார்த்தார். பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. "சார், நாலோக்சோன் இருக்கா?" என்றார். எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு பக்கம் பை வைத்து மூச்சைக் கொடுத்துக்கொண்டே ஊசியைப் போட்டார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். இருமினான், திரும்பிப் படுத்தான், "அம்மா" என்றான்.

என் மனதில் தங்கியது அந்த மூன்று பேர்தான். அவர்கள் ஓடினார்கள் என்று எல்லோரும் திட்டினார்கள். ஆனால் ஓடுவதற்கு முன்னால் அவனைக் கொண்டுவந்து சேர்த்தார்களே! வாசல்வரை வராமல் பாதியிலேயே ஓடிப்போகும் கூட்டாளிகள் எத்தனை பேரோ? அவர்களை விரட்டுவது போலீஸ் பயம். 108-க்குக் கூப்பிட்டால் பெயர் கேட்பார்கள், ஸ்டேஷனுக்கு இழுப்பார்கள், தன் பையிலும் மாத்திரை இருக்கிறதே என்ற பயம்.

இந்த இடத்தில் நம் சட்டம் கொஞ்சம் மனது வைக்க வேண்டும். சாலை விபத்தில் ஒரு காலத்தில் அடிபட்டுக் கிடப்பவரைத் தொடவே பயந்தோம், சாட்சி சொல்ல அலைய வேண்டுமே என்று. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடர முடியாது. பெயர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது. அதே பாதுகாப்பைப் போதை மயக்கத்தில் கிடப்பவனுக்காக 108-ஐ அழைப்பவருக்கும் கொடுத்தால் என்ன? அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இப்படி ஒரு சட்டம் உண்டு. நம் போதைப்பொருள் சட்டத்திலும் 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால், உபயோகித்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்படாமல் விலக்குப் பெறலாம். இரக்கத்துக்குச் சட்டத்தில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. அதை இன்னும் ஒரு படி நீட்ட வேண்டும் என்பதே என் கோரிக்கை. விற்பவனுக்கு இரக்கம் காட்டச் சொல்லவில்லை. அவனை உள்ளே தள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

'இப்படி எல்லாம் சலுகை கொடுத்தால் பயம் விட்டுப் போகாதா? இன்னும் நாலு பேர் துணிந்து போடுவானே!' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாம்புக்கடி மருந்து வைத்திருக்கிறோம். அதை நம்பி யாராவது இருட்டில் வரப்பில் டார்ச் இல்லாமல் நடக்கிறார்களா? கடிபட்டு வந்தவனிடம், 'ஏன் செருப்புப் போடாமல் போனாய்? சொன்னால்தான் ஊசி' என்கிறோமா? கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுவது, எட்டிப் பார்க்கச் சொல்லி அழைப்பதற்கு அல்ல.

இதே கேள்வியை நம் தலைமுறை ஏற்கெனவே ஒருமுறை கேட்டது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சென்னையில்தான் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு ஆணுறையைப் பற்றித் தெருவில் பேசலாமா என்று எவ்வளவு சண்டை! 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம் சுவருக்குச் சுவர் வந்தபோது, பேரப்பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஊர் ஒழுக்கம் கெட்டுவிடும் என்றார்கள். ஊர் கெடவில்லை, தமிழ்நாட்டில் தொற்றுதான் படிப்படியாகக் குறைந்தது. ஆபத்தான பழக்கத்தை ஒரே நாளில் ஒழிக்க முடியாது, அதனால் வரும் சாவையாவது முதலில் தடுப்போம் என்பதுதான் அதன் பின்னால் இருந்த எண்ணம். இதற்குத் 'தீங்கு குறைப்பு' என்று பெயர். ஊசி போடுகிறவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுப்பதும், வாய்வழி மாற்று மருந்து கொடுப்பதும் நம் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்திலேயே இருக்கின்றன. பஞ்சாப் மாநிலம் 2018-லிருந்து புறநோயாளி மையங்களைத் திறந்து புப்ரெனார்பின் என்ற மாற்று மருந்தை அரசு செலவிலேயே கொடுக்கிறது.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வந்தவர்களில் சிலர் அங்கே நூலகங்களில்கூட நாலோக்சோன் பெட்டியைப் பார்த்திருக்கலாம். அந்த நாட்டில் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் ஓவர்டோஸில் இறந்தார்கள். மூக்கில் அடிக்கும் நாலோக்சோன் மருந்தை 2023-லிருந்து டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். 2024-ல் சாவு சுமார் எண்பதாயிரமாகக் குறைந்தது. இந்த மருந்து மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. நாம் அந்த நிலைமை வரும்வரை காத்திருக்க வேண்டுமா? எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், எல்லா 108 வண்டிகளிலும் இந்த மருந்து தவறாமல் இருக்க வேண்டும். போதை மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்புகிறவரின் குடும்பத்துக்கும் பயிற்சியோடு கொடுத்தனுப்ப வேண்டும்.

மறுவாழ்வு மையத்தைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டு மாதம் உள்ளே இருந்து வந்தவனைப் பார்த்து வீட்டார், 'அப்பாடா, கண்டம் தாண்டியாயிற்று' என்று பெருமூச்சு விடுகிறார்கள். உண்மையில் அந்த முதல் சில வாரங்கள்தான் மிக ஆபத்தானவை. விட்டிருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். சபலத்தில் பழைய அளவையே ஒருநாள் போட்டால் மூச்சு நின்றுவிடும். சிறையிலிருந்து வருகிறவர்களுக்கும் இதே கதி. அந்த நாட்களில் பையனைத் தனியே கதவைச் சாத்திக்கொள்ள விடாதீர்கள். சறுக்கிவிட்டால் மறைக்காமல் சொல்லும்படி அவனிடம் பேசி வையுங்கள். திட்டிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அவன் தனியாகப் போடுகிறான். தனியாகப் போடுகிறவனைக் காப்பாற்ற ஆள் இருக்காது.

நம் வயதுக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? முதல் வேலை நம் அலமாரியில் இருக்கிறது. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு மிச்சமான டிரமடால், தூக்கம் வர எழுதிக்கொடுத்த அல்பிரசோலம், காலமான மனைவியின் புற்றுநோய் வலிக்கு வாங்கிய மார்பின். எல்லாம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், டிவிக்குப் பக்கத்தில்! பூட்டி வையுங்கள். எண்ணி வையுங்கள். வேண்டாததை வீட்டில் சேர்க்காதீர்கள். நாமும் வலி மாத்திரையோடு தூக்க மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் சேர்த்துப் போடக் கூடாது. அளவு மீறலுக்கு வயது வித்தியாசம் கிடையாது.

இரண்டாவது வேலை, அடையாளம் தெரிந்துகொள்வது. தோளைப் பிடித்து உலுக்கினாலும் விழிக்கவில்லை. மூச்சு மிக மெதுவாக இருக்கிறது, அல்லது தொண்டையில் கொரகொரவென்று சத்தம். உதடும் நகமும் நீலம். கண் பாப்பா ஊசிமுனை. இவற்றைப் பார்த்தால் உடனே 108. எலுமிச்சைச் சாறு, மோர், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு இல்லையென்றால், தெரிந்தவர்கள் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கலாம். என்ன போட்டான் என்று தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். வண்டி வரும்வரை கூடவே இருங்கள்.

மூன்றாவது வேலை, நம் நாக்கைக் கட்டுப்படுத்துவது. 1980-ல் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடியால் கணவரைப் பறிகொடுத்த துயரத்தோடு, சென்னையில் போதை நோயாளிகளுக்கான சிகிச்சையைத் தொடங்கினார். இது ஒரு நோய் என்று அவர் சொல்லி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நாம்தான் இன்னும் அதைக் குடும்ப மானமாகவே பார்க்கிறோம். அந்த மானத்துக்குப் பயந்து எத்தனை வீடுகளில் 108-க்குப் பதிலாகக் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள்! ஆலோசனைக்கு 14446 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், அந்த அம்மாவிடம் இந்த எண்ணைக் கொடுங்கள். வேறு எதுவும் கேட்க வேண்டாம்.

புத்திமதி சொல்ல நமக்கு நிறைய நேரம் கிடைக்கும். கேட்பதற்கு அவன் இருக்க வேண்டும்.