எது பொருந்தவில்லை என்று சொன்னால் என்ன?

புதுப்பட்டினத்தில் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் பழகும் ஒருவர், சென்னை சி-டாக் டெபியனிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸை மெய்நிகர் கணினியில் ஏற்ற முனைகிறார் என்று வையுங்கள். ‘பொருத்தமான ஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் இல்லை’ என்று ஒரே வரியில், மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்வர்ட் கைவிரிக்கும். அந்த ஃபர்ம்வேரைத் தரும் ஓவிஎம்எஃப் தொகுப்பை நிறுவாதவருக்கு அது நியாயம். நிறுவியவருக்கும் சில வேளை அதே வரிதான்! லிப்வர்ட்டில் 2019-இல் வந்த ஃபர்ம்வேர் தானியங்கித் தேர்வு, மெய்நிகர் கணினியை இயக்கும் கியூஎமுவின் அடைவிலுள்ள ஜேசான் விவரக்குறிப்புகளைப் படித்தே முடிவெடுக்கிறது. செக்யூர் பூட் கேட்டுவிட்டு இயந்திர வகையை அதற்குத் தேவையான கியூ35 ஆக்க மறந்தால், கோப்பு இருந்தும் தள்ளுபடி. எந்த ஆவணம் குறைகிறது என்று சொல்லாமலே மனுவைத் திருப்பும் எழுத்தரின் வேலை இது. காரணம் மென்பொருளுக்குத் தெரியும். டீபக் பதிவில் எழுதியும் வைக்கிறது. அந்தப் பதிவை இயக்கத் தெரிந்தவருக்கா உதவி தேவை?